பேச முடியாத அம்மாவை எந்த இல்லத்தில் சேர்ப்பது?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அம்மாவுக்கு 76 வயது. ஏழு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. நீங்களும் உங்கள் மனைவியும் பெங்களூரில் வேலை பார்க்கிறீர்கள். வீட்டோடு வைத்த இரண்டு ஆட்களும் நிலைக்கவில்லை. கோவைப் பக்கம் மூன்று இல்லங்களைப் போய்ப் பார்த்திருக்கிறீர்கள். மூன்றும் சுத்தமாக இருந்தன, மூன்றிலும் அன்பாகப் பேசினார்கள், கட்டணம்தான் வேறு வேறு. இதில் எது நல்லது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள்ளே இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. நீங்கள் யாரும் பக்கத்தில் இல்லாத ராத்திரி இரண்டு மணிக்கு, வாய் திறந்து ஒரு குறை சொல்ல முடியாத அம்மாவை இவர்கள் எப்படிப் பார்த்துக்கொள்வார்கள்? நான் அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் செவிலியர். ஜி.என்.எம். என்ற செவிலியர் டிப்ளமோ முடித்து ஒன்பது ஆண்டு ஆஸ்பத்திரி வார்டிலும், பிறகு பதினாறு ஆண்டு முதியோர் பராமரிப்பு இல்லங்களிலும் வேலை பார்த்தேன். இப்போது இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்குப் பயிற்சி தருகிறேன். நான் மருத்துவர் இல்லை, உங்கள் அம்மாவைப் பார்த்ததும் இல்லை. அதனால் மருந்து பற்றி நான் சொல்லும் எதையும் அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டுதான் செய்ய வேண்டும். மூன்றில் எது என்று பெயரைச் சொல்லவும் மாட்டேன். ஒரு நல்ல சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போனதும், அதே கட்டடம், அதே படுக்கை, மூன்றே மாதத்தில் வேறு இடமாக மாறியதைப் பார்த்தவள் நான்.

ஒரு வார்த்தைக் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் பத்து இருபது படுக்கை உள்ள சின்ன ஆஸ்பத்திரி, பிரசவமும் குடலிறக்க ஆபரேஷனும் நடக்கும் இடம். வெளிநாட்டில் அதே சொல்லுக்கு நீண்ட காலப் பராமரிப்பு இல்லம் என்று பொருள். நீங்கள் தேடுவது இந்த இரண்டாவது. இங்கே அது முதியோர் இல்லம், சீனியர் கேர், அசிஸ்டட் லிவிங் என்று பல பெயர்களில் நடக்கிறது. பெயர் எதுவானாலும் இருக்கட்டும். நடமாடும் 40 பேரை அருமையாகப் பார்த்துக்கொள்ளும் இடம் படுக்கையில் இருப்பவருக்குத் தோதாக இருக்கும் என்று சொல்ல முடியாது. "இப்போது உங்களிடம் படுக்கையிலேயே இருப்பவர்கள் எத்தனை பேர்? அவர்கள் இருக்கும் இடத்தைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். நீங்கள் போன மூன்று இடத்திலும் காலி அறையைத்தான் காட்டியிருப்பார்கள். உங்கள் அம்மா காலி அறையில் வாழப்போவதில்லை.

நான் உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்கிறேன். தானாகப் புரண்டு படுக்க முடியாத ஒருவருக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பாதுகாப்பு, ராத்திரியில் விழித்திருக்கும் ஆள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவரைத் திருப்பிப் படுக்கவைத்து, டயப்பரைப் பார்த்து, விரிப்பின் சுருக்கத்தை எடுத்துவிட்டு, முதுகுக்குத் தலையணையை அண்டக் கொடுக்க வேகமாகச் செய்தாலும் பத்து நிமிடம் ஆகும். 12 பேர் என்றால் 120 நிமிடம். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்ப வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள், நானும் அதையே சொல்லித் தருகிறேன். ஆக 12 பேருக்கு ஒரே ஆள் என்றால், கடைசி ஆளை முடிக்கும்போது முதல் ஆளுக்கு நேரம் வந்துவிடும். கனத்த உடம்பைத் திருப்ப இரண்டு பேர் வேண்டும். நடுவில் ஒருவருக்கு மூச்சு வாங்கினால் மற்ற 11 பேரும் அப்படியே கிடப்பார்கள்.

அதனால் மொத்தம் எத்தனை ஊழியர்கள் என்று கேட்காதீர்கள். அந்த எண்ணில் சமையல்காரர், டிரைவர், வாட்ச்மேன் எல்லோரும் சேர்ந்துவிடுவார்கள். "இன்று ராத்திரி இந்த மாடியில் விழித்திருக்கப் போவது யார் யார்?" என்று கேளுங்கள். டூட்டி போடுகிற இடமாக இருந்தால் பெயரோடு உடனே சொல்லிவிடுவார்கள். படுக்கையில் இருக்கும் ஆறிலிருந்து எட்டுப் பேருக்கு ஒருவர் விழித்திருந்தால் வேலை ஒழுங்காக நடக்கிறது. இது நான் பார்த்த அனுபவ அளவு, சட்டம் சொல்லும் எண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். "எங்கள் ஆட்கள் 24 மணி நேரமும் இங்கேயேதான் தங்குகிறார்கள்" என்று சில இடத்தில் பெருமையாகச் சொல்வார்கள். பகல் முழுக்க உழைத்த பெண் ராத்திரி அதே வார்டில் பாய் விரித்துப் படுத்திருக்கிறாள் என்பதுதான் பெரும்பாலும் அதற்கு அர்த்தம். அவள்மேல் தப்பு இல்லை. அவளைத் தூங்கவிடாமல் வேலை வாங்குவது அதைவிடக் கொடுமை. ராத்திரி ஷிப்டுக்கென்று தனி ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

அடுத்து, சிஸ்டர் என்று யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். வெள்ளையோ நீலமோ யூனிபார்ம் போட்ட எல்லோரையும் சிஸ்டர் என்றே கூப்பிடுவது நம் ஊர் வழக்கம். படித்த செவிலியர் என்றால் தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில் பதிவு எண் இருக்கும். பராமரிப்புப் பெண்கள் பலர் கைவேலையில் கெட்டிக்காரர்கள், அவர்கள் இல்லாமல் ஒரு இல்லமும் நடக்காது. ஆனால் இன்சுலின் போடுவதும், உணவு போகும் மூக்கு ட்யூப் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதும், இது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காய்ச்சல் என்று கண்டுபிடிப்பதும் பதிவு பெற்ற செவிலியர் செய்ய வேண்டிய வேலை. அப்படி ஒருவர் ராத்திரியில் இருக்கிறாரா, இல்லையென்றால் போன் செய்தால் எத்தனை நிமிடத்தில் வருவார் என்று கேளுங்கள். இன்னொன்றும் உண்டு. கோவைப் பக்க இல்லங்களில் ஒடிசாவிலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வந்த பெண்கள் நிறைய வேலை பார்க்கிறார்கள். அவர்களின் பொறுமையை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனாலும் பேச்சு போன ஒருவருக்கு, தான் சின்ன வயதிலிருந்து கேட்ட மொழியில் யாராவது பேசினால் புரிந்துகொள்வது எளிது. அதனால் ஒவ்வொரு ஷிப்டிலும் தமிழ் பேசும் ஒருவராவது அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

திருப்பிப் படுக்கவைத்த நேரத்தை எழுதும் சார்ட் ஒன்று எல்லா இடத்திலும் தொங்கும். அதை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். 10, 12, 2, 4, 6 என்று ஐந்து கட்டமும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரு அடித்தல்கூட இல்லாமல் இருந்தால், அது காலையில் ஒரே மூச்சில் எழுதியதாகத்தான் இருக்கும். உண்மையான சார்ட்டில் 12.20 என்று இருக்கும், ஒரு கட்டம் விட்டுப்போயிருக்கும், "வாந்தி, விரிப்பு மாற்றப்பட்டது" என்று ஓரத்தில் கிறுக்கியிருக்கும். நான் சூப்பர்வைசராக இருந்தபோது இப்படி அழுக்கான சார்ட்டைப் பார்த்தால்தான் நிம்மதியாக இருக்கும்.

சார்ட்டைவிட உடம்பு உண்மை பேசும். மற்றவர்களின் உடம்பைத் தூக்கிப் பார்க்க உங்களுக்கு உரிமை இல்லை, அப்படிச் செய்யவும் வேண்டாம். ஆனால் வராந்தாவில் நடக்கும்போதே நிறையத் தெரியும். நகம் வெட்டியிருக்கிறதா? உதடு வெடித்து, நாக்கு காய்ந்து கிடக்கிறதா? தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டுகிறதா, இல்லை மூன்றடி தள்ளி ஜன்னல் மேடையில் இருக்கிறதா? மூத்திர ட்யூபில் மாட்டிய பை தரையில் கிடக்கிறதா? அது தரையைத் தொடாமல், இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். குதிகால் மெத்தையில் அழுந்தியிருக்கிறதா, இல்லை கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துத் தூக்கிவிட்டிருக்கிறார்களா? குதிகாலைக் கவனிக்கிற இடம் மற்றதையும் கவனிக்கும் என்பது நான் வைத்திருக்கும் அளவுகோல். நிறையப் பேர் உடம்பைச் சொறிந்துகொண்டிருந்தால், குறிப்பாக விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும், அங்கே சிரங்கு பரவியிருக்கலாம். அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு விரிப்பு, துண்டு வழியாகவும் போகும், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மருந்து போட்டால்தான் அடங்கும். ஏர் பெட், அதாவது மோட்டாரால் காற்று நிரம்பும் மெத்தை, வைத்திருக்கிறோம் என்றால் அதன் மோட்டார் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினாலும் திருப்பிப் படுக்கவைப்பது நின்றுவிடக்கூடாது.

வாடை பற்றி எல்லோரும் சொல்வார்கள். ஒரு அறையில் ஒரு நேரத்தில் மலவாடை அடித்தால் அது குற்றம் இல்லை, யாரோ அப்போதுதான் போயிருப்பார். அரை மணி கழித்து அதே அறைக்குத் திரும்பிப் போங்கள். வாடை போயிருந்தால் வேலை நடக்கிறது. மெத்தையிலேயே ஊறிப்போன மூத்திர வாடையும், அதை மூடுவதற்குக் கண் எரியும் அளவுக்குப் போட்ட பினாயிலும்தான் கவலைப்பட வேண்டியவை.

உங்கள் அம்மாவுக்கென்றே நான் பார்க்கச் சொல்வது சாப்பாட்டு நேரம். பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்கும் தசைகள் பலருக்குப் பலவீனமாக இருக்கும். உணவு மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா வரும், அப்படி இறந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஊட்டும்போது நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்திருக்க வேண்டும். ஊட்டுபவர் நின்றுகொண்டு மேலிருந்து கொடுத்தால் சாப்பிடுபவர் தலையை அண்ணாந்து விழுங்குவார், அது ஆபத்து. எதிரே உட்கார்ந்து, கண்ணுக்கு நேராக, சின்னக் கரண்டியில், ஒரு வாய் இறங்கியபின் அடுத்த வாய் தர வேண்டும். முடிந்ததும் செயலிழந்த பக்கத்துக் கன்னத்தில் சோறு ஒதுங்கியிருக்கிறதா என்று பார்த்து வாயைத் துடைக்க வேண்டும். அரை மணி நேரமாவது சாய்க்காமல் வைத்திருக்க வேண்டும். மூக்கு ட்யூப் வழியாக உணவு போகிறவர்களுக்கும் தலைப்பக்கம் உயர்ந்தே இருக்க வேண்டும். ஒரே பெண் ஐந்து பேருக்கு வரிசையாகக் கரண்டியை மாற்றி மாற்றி ஓட்டுகிறாள் என்றால், எவ்வளவு சுத்தமான இடமானாலும் எழுந்து வந்துவிடுங்கள். ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்றும் கேளுங்கள். ஆள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சாயங்காலம் ஐந்தரைக்கே கஞ்சியைக் கொடுத்துவிட்டு மறுநாள் எட்டரைக்கு இட்லி என்றால், நடுவில் 15 மணி நேரம் வெறும் வயிறு. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு அது உயிருக்கே ஆபத்து. அதேபோல விடிகாலை நாலு மணிக்கே எல்லோரையும் எழுப்பிக் குளிப்பாட்டும் இடங்கள் உண்டு. பகல் ஷிப்டில் ஆள் போதவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குத் தெரியாது.

அம்மாவைப் போல ஒரு பக்கம் விழுந்த ஒருவரை எப்படித் தூக்குகிறார்கள் என்றும் பாருங்கள். விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு இறங்கிவிடும், வலி மாதக்கணக்கில் இருக்கும். இடுப்பையும் முதுகையும் தாங்கித்தான் தூக்க வேண்டும். குளிக்க ஊற்றும் தண்ணீரின் சூட்டை அந்தப் பக்கம் உணராமல் போகலாம், அதனால் ஊழியர் தன் கையால் பார்த்துவிட்டு ஊற்ற வேண்டும்.

இனி நான் வாழ்நாளில் மறக்காத ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். எந்த ஊர், எந்த இல்லம் என்பது வேண்டாம். உங்கள் அம்மா மாதிரியே பேச்சு இழந்த ஒரு பாட்டி. அன்று பத்து மணியிலிருந்து இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தார். டூட்டியில் இருந்த பெண் இரண்டு முறை வந்து கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்துவிட்டுப் போனாள். மூன்றாவது முறை என்னிடம் வந்து, "சிஸ்டர், பாட்டி ரொம்ப அடம் பண்றாங்க, தூக்க மாத்திரை கொடுத்துடலாமா?" என்று கேட்டாள். நானும் அன்றைக்கு அசதியில் இருந்தேன், சரி என்று சொல்லும் நிலையில்தான் இருந்தேன். எதற்கும் ஒரு முறை பார்ப்போம் என்று போனேன். மூத்திர ட்யூபில் மாட்டிய பை காலியாக இருந்தது. ஆறு மணிக்கு மாற்றியதிலிருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை. ட்யூப் தொடைக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. அதை நேராக்கியதும் முக்கால் லிட்டருக்கு மேல் வந்தது. பாட்டி கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார், அப்புறம் என் கையை விடவே இல்லை. பத்து மணியிலிருந்து நாலரை மணி நேரம் அவர் எங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நாங்கள் அதற்கு அடம் என்று பெயர் வைத்திருந்தோம்.

அதனால்தான் சொல்கிறேன், உங்கள் அம்மாவை எப்படிப் புரிந்துகொள்ளப் போகிறீர்கள் என்று அவர்களைக் கேளுங்கள். அதைவிட, அவர்கள் உங்களைக் கேட்கிறார்களா என்று பாருங்கள். வலி வந்தால் அம்மா முகம் எப்படிப் போகும், பாத்ரூம் போக என்ன சைகை காட்டுவார், என்ன சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவார், ரசம் சாதம் பிடிக்குமா கஞ்சி பிடிக்குமா என்று அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளும் இடத்தை எனக்குப் பார்க்காமலே பிடிக்கும். அழைப்பு மணி இருக்கிறது என்று எல்லோரும் காட்டுவார்கள். உங்கள் அம்மாவுக்கு வேலை செய்வது இடது கை. மணி வலது பக்கச் சுவரில் இருந்தால் அது இல்லாததற்குச் சமம். ஒரு அறைக்குள் போய் மணியை அழுத்திவிட்டு எத்தனை நிமிடத்தில் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். சங்கடமாக இருந்தாலும் பரவாயில்லை, செய்யுங்கள்.

தூக்க மாத்திரையைப் பற்றிச் சொன்னதால் அதையும் முடித்துவிடுகிறேன். காலை பதினோரு மணிக்கு ஹால் முழுக்க எல்லோரும் தலை தொங்கித் தூங்கிக்கொண்டிருந்தால் காரணம் கேளுங்கள். முதுமை மறதி உள்ளவர்களை அடக்க ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின் வகை மனநோய் மருந்துகளைக் கொடுப்பது உண்டு. அவர்களிடம் இவை இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-லேயே கடுமையான எச்சரிக்கை போட வைத்தது. மருத்துவர் யோசித்து, அளவு பார்த்து, நாள் குறித்துக் கொடுப்பது வேறு. ஆள் பற்றாக்குறைக்கு மாத்திரையை ஈடாகக் கொடுப்பது வேறு. உங்களைக் கேட்காமல் தூக்கத்துக்கோ மனநிலைக்கோ எந்தப் புது மருந்தும் தொடங்கக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். விழுங்க முடியவில்லை என்று மாத்திரைகளைப் பொடித்துக் கொடுக்கிறார்களா என்றும் கேளுங்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரே அடியாக உடம்பில் ஏறும். எதைப் பொடிக்கலாம், எதைப் பொடிக்கக் கூடாது என்று மருத்துவரிடம் பட்டியல் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

கட்டிப்போடுவது பற்றி நேராகக் கேளுங்கள். ட்யூபைப் பிடுங்குகிறார் என்று நல்ல கையைக் கட்டிலோடு கட்டும் பழக்கம் பல இடத்தில் இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு அந்த இடது கைதான் வாய். 2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டியிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அது முதியோர் இல்லம் இல்லை, ஆனால் கட்டுவதும் பூட்டுவதும் ஒரு தீ விபத்தில் என்ன ஆகும் என்பதை நம் மாநிலத்தில் அதைவிடத் தெளிவாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி வராந்தாக் கதவையும் வெளிக் கேட்டையும் பூட்டினால் சாவி யாரிடம் இருக்கும், இரண்டாவது மாடியில் நடக்க முடியாதவர்களை எந்த வழியாக இறக்குவார்கள் என்று கேளுங்கள். "லிப்ட் இருக்கிறது" என்பது பதில் இல்லை, தீப்பிடித்தால் லிப்ட்டில் போகக் கூடாது. முடிந்தால் அம்மாவுக்குத் தரைத்தளத்தில் இடம் கேளுங்கள்.

இதுவரை சொன்னவற்றை நான் நம்பிக்கையோடு சொல்வேன். இனி வருபவை சந்தேகத்துக்கு இடமானவை. கூகுளில் எத்தனை நட்சத்திரம் என்பதை நான் அதிகம் பொருட்படுத்துவதில்லை. ஒரு நாள் அன்னதானம் செய்ய வந்தவரும், இடத்தைப் பார்க்க வந்துபோனவரும் ஐந்து நட்சத்திரம் போடுவார்கள், சம்பளத் தகராறில் போன ஊழியர் ஒன்று போடுவார். அமெரிக்காவில் நர்சிங் ஹோம்களுக்கு 2008 முதல் அரசே ஐந்து நட்சத்திர மதிப்பீடு தருகிறது. ஆய்வு முடிவு, ஊழியர் நேரம், பராமரிப்பு அளவுகள் என்று மூன்றைச் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். அங்கேயும் பராமரிப்பு அளவுகளில் பல, இல்லங்கள் தாங்களே கொடுக்கும் விவரம் என்ற விமர்சனம் உண்டு, அதனால் நேரில் போய்ப் பார்க்கத்தான் அங்கேயும் சொல்கிறார்கள். நம் ஊரில் அப்படி ஒரு பொதுப் பட்டியலும் கிடையாது. கட்டணமும் பாதி உண்மைதான் சொல்லும். மிகக் குறைந்த கட்டணத்தில் ராத்திரி ஆளுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது என்பது சரி. ஆனால் கூடுதல் பணம் ராத்திரி ஆளுக்குப் போகிறதா, வரவேற்பறை சோபாவுக்குப் போகிறதா என்று ரசீதில் தெரியாது. பெரிய இடமா சின்ன இடமா, டிரஸ்ட்டா கம்பெனியா என்பதை வைத்தும் முடிவு செய்ய முடியாது, நான்கிலும் நல்லதையும் கெட்டதையும் பார்த்திருக்கிறேன். சிசிடிவி பற்றியும் கேட்டிருந்தீர்கள். வராந்தாவில் இருப்பது நல்லதுதான். அறைக்குள் வைத்தால் உங்கள் அம்மாவுக்கு உடை மாற்றுவதும் அதில் தெரியும், அதை யார் யார் பார்ப்பார்கள் என்று யோசியுங்கள். கேமரா யாரையும் திருப்பிப் படுக்கவைக்காது.

காகிதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. முதியோர் இல்லம் என்றால் மாவட்ட சமூக நல அலுவலகம் வழியாகப் பெற்ற பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். உள்ளேயே சிகிச்சையும் தருகிறோம் என்றால் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி, மாவட்ட இணை இயக்குநர் அலுவலகம் தரும் பதிவும் வேண்டும். தீயணைப்புத் துறைச் சான்றின் தேதியைப் பாருங்கள். இவை எல்லாம் இருந்தால் நல்ல இடம் என்று ஆகிவிடாது. ஆனால் காட்டத் தயங்கினால் அதற்கு மேல் பேச்சு வேண்டாம். ஒப்பந்தத்தில் எல்லோரும் கட்டணத்தையும் அட்வான்ஸையும் படிப்பார்கள். நீங்கள் படிக்க வேண்டியது வேறு. ராத்திரியில் உடம்புக்கு முடியாமல் போனால் எந்த ஆஸ்பத்திரி, யார் கூடப் போவார், உங்களுக்கு எந்தக் கட்டத்தில் போன் வரும், நீங்கள் வந்து சேரும் வரை அங்கே யார் இருப்பார்? பெங்களூரிலிருந்து நீங்கள் வர ஏழெட்டு மணி நேரம் ஆகும். டயப்பர், பிசியோதெரபி, மூக்கு ட்யூப் மாற்றுவது எல்லாம் தனிக் கணக்கா? வேண்டாம் என்று கூட்டிப்போனாலோ, சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, அம்மா அங்கேயே இறந்தாலோ அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும்? இதையெல்லாம் வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.

சேர்க்கும் நாளில் மூன்று வேலை செய்யுங்கள். செவிலியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அம்மாவின் குதிகால், இடுப்பு எலும்பு, முதுகின் அடிப்பகுதி மூன்றையும் பார்த்து, புண் இருக்கிறதா இல்லையா என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். எடை பாருங்கள். கண்ணாடி, பல்செட் எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள், இவை ஆள் மாறிப்போவது எல்லா இல்லத்திலும் நடக்கிறது. பிறகு மாதா மாதம் எடையைக் கேளுங்கள். ஒரே மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தால், அதாவது 50 கிலோ இருந்தவர் இரண்டரைக் கிலோ இறங்கினால், மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். அழுத்தினாலும் மறையாத சிவப்பு எலும்பு மேட்டில் தெரிந்தால் அது புண்ணின் முதல் படி, அன்றைக்கே சொல்லுங்கள். மேல்கையில் விரல் பதிந்த மாதிரி கன்றல், குறிப்பிட்ட ஒருவர் வந்தால் மட்டும் அம்மா உடம்பைச் சுருக்கிக்கொள்வது, நீங்கள் வரும்போதெல்லாம் தூங்கிக்கொண்டே இருப்பது, இவற்றுக்கு ஒரு முறை விளக்கம் கேளுங்கள். இரண்டாவது முறையும் விளக்கம் சரியில்லை என்றால் வேறு இடம் தேடுங்கள். முறையிடுவதற்கு மூத்த குடிமக்கள் உதவி எண் 14567 இருக்கிறது, மாவட்ட சமூக நல அலுவலர் இருக்கிறார். ஆனால் நல்ல இடத்திலும் ஒரு புண் வரலாம், ஒரு தடவை விழுந்தும் போகலாம். வந்ததை அவர்களாகவே போன் செய்து சொன்னார்களா, நீங்கள் கண்டுபிடித்த பிறகு சொன்னார்களா என்பதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

யாராவது அடிக்கடி வந்துபோகும் முதியவருக்கு எந்த இல்லத்திலும் கொஞ்சம் கூடுதல் கவனிப்பு கிடைக்கும். இது அநியாயம்தான், ஆனால் 16 ஆண்டு இதைத்தான் பார்த்தேன். மாதத்தில் முதல் ஞாயிறு என்று நாள் குறித்து வராதீர்கள். ஒரு முறை புதன்கிழமை சாயங்காலம், ஒரு முறை காலை ஆறு மணி. கோவையில் சித்தியோ, அம்மாவின் பழைய தோழியோ இருந்தால் வாரம் ஒரு தடவை ஒரு மணி நேரம் போய் உட்காரச் சொல்லுங்கள். மூன்று இல்லங்களில் எது அப்படி ஒருவர் போய்வரத் தோதான தூரத்தில் இருக்கிறதோ, மற்றதெல்லாம் ஏறக்குறைய சமம் என்றால், நான் அதைத்தான் எடுப்பேன். அம்மாவை இல்லத்தில் விடுவது பாவமா என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். ஏழு மாதம் அவரை உங்கள் கையால் தூக்கியவர் நீங்கள். அந்தக் கேள்வியை இப்போது ஓரமாக வையுங்கள், பார்க்க வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

வரும் சனிக்கிழமை மறுபடி போவதாகச் சொன்னீர்கள். சொல்லாமல் போங்கள், சாயங்காலம் ஆறரைக்கு, சாப்பாடு நடக்கும் நேரத்தில். அன்று ராத்திரி அங்கேயே லாட்ஜில் தங்கிவிட்டு மறுநாள் காலை ஆறு மணிக்கு இன்னொரு தடவை போங்கள், ராத்திரி டூட்டி முடித்து இறங்கும் பெண்ணிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள். அறையில் கட்டிலின் எந்தப் பக்கம் சுவரை ஒட்டி இருக்கிறது, மணி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.